தியரியா, பிராக்டிகலா?

கம்ப்யூட்டர் படிப்புக்கான வரிசையில் நானும் அப்பாவும் கவுன்ட்டரை நெருங்குவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. பெங்களூரில் ஓர் அரசுக் கல்லூரி. ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் என் இரண்டாம் பியூசி, அதாவது பிளஸ் டூ, மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிசிக்ஸ், மேத்ஸ், எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, போடட்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் ஏகப்பட்ட பேர் நின்றிருந்தார்கள். தலையாட்டினேன்.

நான் இயற்பியலுக்கு வந்து சேர்ந்த விதம் இவ்வளவுதான். சிறு வயதிலேயே வானத்தைப் பார்த்து வியந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில், எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்று நான் வியந்து பார்த்தது எதிர்வீட்டில் புதிதாக வாங்கிய பெரிய டிவியை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். தங்கச் சுரங்கம் மூடும்வரை அவருக்குப் பூமிக்கு அடியில் வேலை. பாறை சரியாமல் மரம் வைத்து முட்டுக் கொடுக்கிற டிம்பர்மேன். மூடியபோது நான் இன்னும் பள்ளியில் சேரவில்லை. அதன்பிறகு ஊரில் பாதிப் பேரைப்போல அவரும் தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போனார். வொயிட்பீல்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு அதே ரயிலில் இருவரும் போனோம். அவர் ஆண்களோடு முன்பெட்டியில், நான் லேடீஸ் பெட்டியில். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். வீட்டில் படிக்க மேஜை இல்லாத எனக்கு இந்த ஐந்து மணி நேரம் பெரிய கொடுப்பினை.

முதல் மூன்று செமஸ்டரும் மனப்பாடத்தில் ஓடின. சமன்பாட்டை எழுது, அதற்குக் கீழே எழுத்துகளின் பொருளை எழுது, படம் போடு, மார்க் வாங்கு. எனக்கு இது நன்றாகவே வந்தது. நாலாவது செமஸ்டரில் மின்சாரமும் காந்தமும் பாடம். ஒருநாள் வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆசிரியர் பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதி, வெற்றிடத்தில் மின்காந்த அலையின் வேகம் இது, இரண்டு மார்க் கேள்வி, குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். குறித்துக்கொண்டேன்.

மாலை ரயிலில் மாலூர் தாண்டியதும் நோட்டைப் பிரித்தேன். அந்தச் சமன்பாட்டில் இரண்டே இரண்டு எண்கள். ஒன்று, மின்னேற்றம் உள்ள இரண்டு தகடுகள் ஒன்றையொன்று எவ்வளவு வலுவாக இழுக்கும் என்று அளந்தால் வருவது. இன்னொன்று, மின்சாரம் ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று எவ்வளவு வலுவாக இழுக்கும் என்பதிலிருந்து வருவது. தகடு, கம்பி, பேட்டரி. அவ்வளவுதான் சாமான். வெளிச்சத்துக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சும்மா பொழுது போகட்டும் என்று இரண்டையும் கால்குலேட்டரில் போட்டுப் பெருக்கினேன். வர்க்கமூலம் எடுத்தேன். ஒன்றை அதனால் வகுத்தேன்.

2.998 என்று வந்தது. பக்கத்தில் பத்தின் எட்டாம் அடுக்கு.

அது ஒளியின் வேகம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண். தப்பாகத் தட்டியிருப்பேன் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதுவே. மூன்றாவது முறையும். எதிரில் ஒரு பெண் காலி டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அதன் மூடியில் வெயில் பட்டுப் பெட்டியின் கூரையில் ஒரு வட்டம் ஆடியது. அந்த வட்டத்தையே பார்த்தேன். அதன் வேகம் என் நோட்டில் இருக்கிறது. அந்த வெளிச்சம் எவ்வளவு வேகமாக வந்து மூடியில் விழுந்தது என்பது, அதைப் பார்க்காமலே, பேட்டரியையும் கம்பியையும் வைத்துக்கொண்டு இருந்த ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்து சீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா என்னைத் தொட்டாள். அவள் எங்களுக்கு முந்தின ஸ்டேஷனான ஊரிகத்தில் இறங்குபவள்; ஒரு ஆபீசில் ஹவுஸ் கீப்பிங் வேலை. ரயிலிலேயே மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கி முடித்துவிடுவாள்.

"இன்னா பாப்பா, கண்ணுல தண்ணி? கணக்கு வரலியா?"

"வந்துடுச்சிக்கா."

"வந்ததுக்கா அழுவுற?"

நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். "வெளிச்சம் எவ்ளோ ஸ்பீடா போவுதுன்னு இதுல வந்துடுச்சிக்கா."

"யாரு அளந்தது?"

"வெளிச்சத்த யாரும் அளக்கலக்கா. வேற இன்னாத்தையோ அளந்தாங்க. பெருக்கிப் பாத்தா இது தானா வருது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நோட்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "தானா எப்டி வரும்? உள்ள ஏதோ ஒரு கனெக்சன் கீது," என்றாள். பிறகு மறுபடி பீன்ஸை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் மின்காந்தவியல் படித்துவிட்டேன். அந்த அத்தியாயத்தின் சாரத்தை அவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்படிப் பேனாவையும் தாளையும் வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்ப்பதற்கு ஒரு தனித் தொழிலே இருக்கிறது என்று கல்லூரி நூலகத்தில் ஒரு விளம்பரத் தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். டிகிரி முடித்ததும் ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேறினால் நேர்முகம். அதிலும் தேறினால் எம்எஸ்ஸியும் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்த்துப் படிக்கலாம். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. கோட்பாட்டு இயற்பியல் என்று தமிழில் சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியாது. தியரிட்டிகல் பிசிக்ஸ் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவுக்கு என் மார்க் ஷீட் நன்றாகத் தெரியும். அதில் தியரிக்கு ஒரு வரி, பிராக்டிகலுக்கு ஒரு வரி இருக்கும்.

"தியரி மட்டுமா? பிராக்டிகல் கெடையாதா?"

"கெடையாதும்மா."

"ஏன், பிராக்டிகல்ல மார்க் கம்மியா உனக்கு?"

"இல்லம்மா. இது தியரி மட்டும் பண்றவங்க வேல."

அம்மாவுக்கு அது ஏதோ பாதிப் படிப்பு மாதிரி பட்டது. நைனா மறுநாள் கம்பெனி வாசலில் ஒரு இன்ஜினியரைப் பிடித்து விசாரித்திருக்கிறார். ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது சொன்னார்: "ஒக்காந்துகினு யோசிக்கறதுதான் வேலயாம். அதுக்கு சம்பளம் குடுக்கறாங்களாம். நீ ட்ரை பண்ணு."

ட்ரை பண்ணினேன். முதல் முறை தேறவில்லை. தேறவில்லை என்றால் கொஞ்சத்தில் தவறிப்போவது ஒன்று, தொலைதூரத்தில் தவறிப்போவது ஒன்று. நான் இரண்டாவது. பெங்களூரில் தேர்வு மையத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முதல் கேள்வியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விகளில் நான் மனப்பாடம் செய்த எதையும் யாரும் கேட்கவில்லை. எல்லாம் எனக்குத் தெரிந்த பாடங்கள்தான். ஆனால் எந்தப் பாடத்தின் எந்தச் சமன்பாடு என்று கேள்வியில் எழுதியிருக்கவில்லை. ஒரு பந்து, ஒரு சரிவு, ஒரு சுருள்வில். இனி நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள்.

கூடப் படித்தவர்கள் எல்லாம் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் வீட்டில் இருந்தேன். எஸ்எஸ்எல்சி பிள்ளைகளுக்கு முன்அறையில் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுத்தேன். பகல் முழுக்க முதல் வருஷப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தேன். எனக்கு நானே ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பின்பக்க விடையைப் பார்க்கக் கூடாது.

அந்த வருஷத்தில் ஒரு கணக்கு. மேஜையின் விளிம்பில் ஒரு சங்கிலியில் கொஞ்சம் தொங்குகிறது. கையை விட்டால் எவ்வளவு நேரத்தில் முழுவதும் வழுக்கி விழும்? பதினோரு நாள் ஆனது. குழாயடியில், ரேஷன் கடையில், அம்மாவோடு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் என்று எங்கே போனாலும் அந்தச் சங்கிலி என்கூட வந்தது. பதினோராம் நாள் காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, சங்கிலி முழுவதையும் ஒரே பொருளாகப் பார்த்தால் போதும் என்று தோன்றியது. ஈரக் கையோடு வந்து எழுதினேன். விடை வந்தது. அது சரியா என்று கேட்க யாருமில்லை. ஆகவே நானே அதைச் சோதித்தேன். தொங்குவது ஒன்றுமே இல்லை என்று வைத்தால் சங்கிலி விழாமல் அப்படியே இருக்க வேண்டும். என் விடையும் அப்படித்தான் சொன்னது. கிட்டத்தட்ட முழுவதும் தொங்கினால் உடனே விழ வேண்டும், அதையும் சொன்னது. புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டிய தேவையே இல்லாமல் போனது. சரி என்று யாரும் சொல்லாமலே ஒன்று சரி என்று தெரிவது எனக்கு அதுதான் முதல் தடவை. அந்த ஈரத்துணி வாளியின் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது முறை தேறினேன். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது.

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒரு நீளமான கரும்பலகை. என் ஆங்கிலம் ரயில் அறிவிப்பு மாதிரி, தெரிந்த வாக்கியங்கள் மட்டும் சரளமாக வரும். நடுவில் உட்கார்ந்திருந்த நரைத்த தலைப் பேராசிரியை என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, கோலார் தங்கவயலா, அங்கே சுரங்கம் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் என்றேன். "சரி, அந்த ஆழத்துக்கு ஒருவர் இறங்கினால் அவருடைய எடை கூடுமா, குறையுமா?"

எனக்கு நிம்மதியாகிவிட்டது. இது பியூசி பாடம். பூமிக்குள் போகப் போக ஈர்ப்பு குறையும். மேலே விட்டுவந்த பாறை இனி கீழே இழுக்காது என்பதால். சமன்பாட்டைப் பலகையில் எழுதினேன்.

"இதை எழுதும்போது எதை அனுமானித்தீர்கள்?" என்றார் அவர்.

நான் எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அனுமானமா? அது பாடப்புத்தகத்தில் இருப்பது. யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒருவர் டீ குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, பூமி முழுவதும் ஒரே அடர்த்தி என்று எடுத்திருக்கிறேன் என்றேன்.

"அப்படியா இருக்கிறது?"

இல்லை. மேல் ஓட்டில் இருக்கும் பாறை லேசு. நடுவில் இரும்பு. அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். கீழே இறங்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. மேலே விட்டுவந்த பாறையின் இழுப்பு போய்விடுகிறது; அதனால் எடை குறைய வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய கனத்துக்குக் கொஞ்சம் நெருங்குகிறோம். அதனால் கூட வேண்டும். எது ஜெயிக்கும் என்பது, மேல்பாறையின் அடர்த்தி பூமியின் சராசரி அடர்த்தியில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் கூடவா குறைவா என்பதைப் பொறுத்தது. எண்களைப் போட்டேன். குறைவு.

"கூடும்," என்றேன் தமிழில். உடனே திருத்தி ஆங்கிலத்தில் சொன்னேன்.

எவ்வளவு கூடும் என்று ஓரத்தில் இருந்தவர் கேட்டார். இன்னொருவர் எங்கள் ஊர்ப் பாறையின் அடர்த்தி சாதாரணப் பாறையைவிடக் கூடுதலாக இருக்கும் என்றார். மூன்றாமவர் அவரை மறுத்தார். பேராசிரியை எழுந்து வந்து இன்னொரு சாக்பீஸை எடுத்து என் பக்கத்தில் நின்று பெருக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஐந்து பேரும் நான் அங்கே இருப்பதையே மறந்து ஒருவரோடொருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். அத்தனை படித்தவர்கள், இந்தச் சின்ன விடை என்னவாக இருக்கும் என்று தெரியாமல், அது தெரியாததில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள். தெரியவில்லை என்றால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எனக்கு அதுவரை தெரியும்.

அறுபது கிலோ ஆளுக்கு ஏறக்குறைய பத்து கிராம் என்று முடிவானது.

வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"நைனா, சுரங்க ஷாப்ட்ல அடிமட்டத்துக்கு எறங்கினா வெயிட் கூடுமா, கொறயுமா?"

"கேஜ் லிப்ட்டு கெளம்பறப்ப லேசா இருக்கும். வயிறு மேல வந்துடும்."

"அது கேஜ் வேகம் எடுக்கறதால. நின்னப்புறம்?"

"நின்னப்புறம் ஒரே வேர்வதான். ஒரு ஷிப்ட் முடிஞ்சா ரெண்டு கிலோ போயிடும்."

"வேர்வய உடு நைனா. கீழ போனா பத்து கிராம் கூடும். இன்னிக்கி போர்டுல போட்டுக் காட்னேன்."

அவர் பாயில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டார். லேசான ஓடு, நடுவில் இரும்பு என்று சொன்னேன். கையால் ஒரு உருண்டையைக் காட்டி, அதற்குள் விரலை விட்டு, இப்படியா என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

"எங்க வெயிட்டுலயே பத்து கிராம் கூட தூக்கினு திரிஞ்சிருக்கோம் அத்தினி வருசமா," என்றார் கடைசியில். "ஒருத்தனும் சொல்லல பாரு."

சேர்க்கைக் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது.

அதன் பிறகான வருஷங்களை விரிவாகச் சொல்வதற்கில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெண் மேஜை முன் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். முதல் செமஸ்டரில் என்கூட இருந்தவர்கள் நான் பெயர்கூடக் கேட்டிராத புத்தகங்களை ஏற்கெனவே முடித்துவிட்டு வந்திருந்தார்கள். குவாண்டம் வகுப்பில் முதல் ஒன்றரை மாதம் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்குக்கூட ஒன்றும் விளங்கவில்லை. சங்கிலிக் கணக்குக்குச் செய்ததையே மறுபடி செய்தேன். புத்தகத்தின் முதல் பக்கம், முதல் கணக்கு. இரண்டு வருஷப் பாடம் முடிந்து, வாய்மொழித் தேர்வு முடிந்து, நேர்முகத்தில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்ற அதே பேராசிரியையிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன்.

எரிந்து முடிந்து தன் எடையாலேயே நசுங்கிப்போன நட்சத்திரங்கள் என் விஷயம். சாம்பியனிலிருந்து பங்காருப்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் எவ்வளவோ அவ்வளவுதான், இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், அப்படி ஒன்றின் குறுக்களவு. ஆனால் சூரியனைவிடக் கனம். அதில் ஒரு கரண்டி எடுத்தால் ஒரு மலையின் எடை இருக்கும். அப்படிப்பட்ட ஒன்று அதிர்ந்தால் அந்த அதிர்வு எப்படி அடங்கும் என்பதைக் கணக்குப் போட வேண்டும். முதல் இரண்டு வருஷம் ஒன்றுமே வரவில்லை. எழுபது பக்கம் எழுதி முடிக்கும்போது பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி கழித்தல் குறியாக இருக்கும். பேராசிரியையிடம் கொண்டுபோனால், "மறுபடி பாருங்கள்" என்பார். கோபித்துக்கொள்ள மாட்டார், சமாதானமும் சொல்ல மாட்டார்.

ஒரு பிற்பகல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். சமன்பாட்டில் அதிர்வை நீட்டிக்கும் உறுப்பு ஒன்று, அடக்கும் உறுப்பு ஒன்று. இரண்டும் தனித்தனியே அரைப் பக்கம் நீளம். ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில் இரண்டையும் கூட்டினால் கொஞ்சமாவது மிஞ்சும் என்று இதற்கு முன் இதைப் போட்ட எல்லோரும் எடுத்துக்கொண்டுதான் மேலே போயிருந்தார்கள். கூட்டினேன். ஒவ்வொன்றாக அடிபட்டுக்கொண்டே வந்தது. முதல் வரி போனது, இரண்டாவது வரி போனது. கடைசியில் தாளில் பூஜ்யம் இருந்தது.

சங்கிலிக் கணக்கைப்போல எல்லா மூலையிலிருந்தும் சோதித்தேன். பூஜ்யம் அசையவில்லை. பேராசிரியை வெளியூரில் இருந்தார். தாள்களைப் படம் பிடித்து அனுப்பினேன். பார்த்துவிட்டுச் சொல்ல நாலு நாள் ஆகும் என்று பதில் வந்தது. அந்த நாலு நாளை அந்த மேஜை முன்னால் கழிக்க முடியாது என்று தோன்றியதால் ரயிலேறி ஊருக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை தண்ணீர் விடும் முறை. குடங்களை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். யாரோ ஒருத்தி வரிசை மீறினாள் என்று சண்டை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. எங்கேயோ, எந்தக் கண்ணாடி வைத்தும் அதன் உள்ளே பார்க்க முடியாத ஒரு பொருள் இருக்கிறது. அது அதிரும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்று இந்த நிமிடம் எனக்குத் தெரியும். நான் போட்டது சரியாக இருந்தால், உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. மனிதர்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்கிறது, சொல்லிக்கொள்ளாமல் இருந்திருக்கிறது. என் முறை வந்து குடத்தைக் குழாயடியில் வைத்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

"இன்னாம்மா, குடம் ரொம்பி வழியுது, தூங்கறியா?" என்று பின்னாலிருந்தவள் கத்தினாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். செத்துப்போன நட்சத்திரம், அதிர்வு, கூட்டினால் பூஜ்யம்.

"நம்மூர்ல சுரங்கத்துல பாற வெடிச்சி ராக் பர்ஸ்ட் வந்தா பாத்திரமெல்லாம் ஆடுமே, அந்த மாரியா?"

"அந்த மாரிதாம்மா. ஆனா நட்சத்திரம் முழுசும் ஆடும்."

"அது எப்ப நிக்கும்னு கண்டுபுடிச்சியா?"

"ஒரு வேகத்துல சுத்தினா நிக்கவே நிக்காது. ஆட்டத்த நிறுத்தறதும் ஏத்தறதும் சமமாயிடுது. நான் பாத்த வரைக்கும்."

அவள் கை அரிசித் தண்ணீரிலேயே நின்றது. "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்ப உனக்கு. எங்க மேடம் இன்னும் பாக்கல. தப்பாக்கூட இருக்கலாம்மா."

அம்மா வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க பாத்து சொல்ற வரைக்கும் நான் யார்கிட்டயும் மூச்சு உட மாட்டேன்," என்றாள்.

எங்கள் அம்மா ரகசியம் காப்பவள் கிடையாது. எனக்குக் காய்ச்சல் என்றால் ஊரின் மறுகோடியில் இருக்கும் பாலகாட் வரைக்கும் தெரிந்துவிடும். ஆனால் அந்த நாலு நாளும் அவள் நடந்துகொண்டதை நான் மறக்க மாட்டேன். எதிர்வீட்டு அத்தை வந்து, பொண்ணு இன்னா திடீர்னு வந்துகீது என்று கேட்டபோது, சும்மா ரெஸ்ட்டுக்கு என்றாள். நைனாவிடம் என்னையே சொல்லச் சொன்னாள், அவளாகச் சொல்லவில்லை. நடுவில் பௌர்ணமி வந்தது. வழக்கம்போல வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு புத்த விகாரைக்குப் போனாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, "அங்க கண்ண மூடி ஒக்காந்தா அதான் ஞாபகத்துக்கு வருது. அவ்ளோ பெருசு, அங்க ஒண்டியா ஆடிகினு கீது," என்றாள். நான் எத்தனையோ வருஷம் படித்து வந்து சேர்ந்த இடத்தில் அவளும் வந்து நின்றிருந்தாள்.

நாலாவது நாள் மதியம் பதில் வந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பெருக்க வேண்டிய ஓர் இரண்டு விட்டுப்போயிருக்கிறது, அது குறிப்பிட்ட வேகத்தைக் கொஞ்சம் மாற்றும். மற்றபடி பூஜ்யம் பூஜ்யம்தான். கடைசியில் தனி வரியாக, நான் இதை எதிர்பார்க்கவே இல்லை என்று எழுதியிருந்தார்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரின்னுட்டாங்கம்மா. ஒரு எடத்துல தப்பு. ஆனா சரிதான்."

"இப்ப சொல்லலாமா?"

"சொல்லலாம்."

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நான் நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு விட்டுப்போன இரண்டைச் சேர்க்கத் தொடங்கினேன். எதிர்வீட்டு வாசலில் அவள் குரல் கேட்டது. அதிர்வு, சுழற்சி எல்லாவற்றையும் தன் வார்த்தையில் ஒழுங்காகவே சொன்னாள். அத்தை குறுக்கிட்டு, "அது நம்ம ஊரு மேல வந்து வுழாதே?" என்று கேட்டாள்.

"வுழாது. ரொம்ப தூரம். நீ பயப்படாத," என்றாள் அம்மா. பிறகு அடுத்த வீட்டுக்குப் போனாள்.